வெளியூர்க் கெண்டை

எங்கள் ஊரில் வெளியூர்க் கெண்டையை எங்கே கண்டாலும் பிடித்துத் தோட்டத்தில் புதைத்துவிட வேண்டும். ஏரியில் இருந்தவை தீர்ந்துபோனதும் கெண்டைக்கால்களில் இருப்பவற்றை எடுக்க ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்கு ஆள் வந்தபோது நான் குளித்துவிட்டு லுங்கியை மடித்துக் கட்டியிருந்தேன். இறக்கி விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போயிருக்கும். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஏரிக் கெண்டை விஷயத்தில் நான் ஊரோடுதான் நின்றேன். எந்தக் காலத்திலோ ஒரு துரை கொண்டுவந்து விட்ட மீன் அது. சேற்றைக் கிளறித் தண்ணீரைக் குழப்பி, நம் அயிரையின் முட்டைகளைத் தின்று ஏரியையே தனதாக்கிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே கரையில் நின்று தூண்டில் போட்டது. வெளியே இழுத்துப் போட்டதும் ஒவ்வொரு மீனும், நான் இங்கேதான் பிறந்தேன், என் அப்பாவும் இங்கேதான் பிறந்தார் என்று சொல்லும். பெரிய மீனும் அதையே சொல்லும், விரல் நீளக் குஞ்சும் அதையே சொல்லும். கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது. ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, மீனைப் போட்டு, சாம்பல் தூவி, நாய் கிளறாமலிருக்க மேலே கல்லை வைத்தேன். அதன்மேல் நட்ட பீன்ஸ் அந்த வருடம் பந்தலே தாங்காத அளவுக்குக் காய்த்தது.

என் மனைவி செண்பகவடிவு மட்டும் மீன் பிடிக்க வரவில்லை. கல்யாணமான புதிதில் அவள் கண்ணைக் கெண்டை என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். நான் அவளைப் புகழ்ந்து சொன்னது அது ஒன்றுதான் என்பாள். தெருவில் அவள் அதைச் சொல்லாத வீடில்லை.

என் காலுக்காக வந்தவர் ஏரி ஆய்வாளர் அருணகிரி. குரல் உயர்த்தாத மனிதர். ஈரச் சாக்கும் மூங்கில் கூடையும் கொண்டுவந்திருந்தார். வாசலில் நின்றே என் காலைப் பார்த்து, கெண்டை நன்றாக விளைந்திருக்கிறதே, சொந்த ஊர் எது என்று கேட்டார். விளாத்திகுளம் பக்கம் என்றேன். அப்படியானால் இது வெளியூர்க் கெண்டைதான் என்று சாக்கை விரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சமையல் கேஸ் சிலிண்டர் போடுகிறவன். வண்டி கடைவீதித் திருப்பம் வரைக்கும்தான் வரும். அதற்குமேல் எல்லாம் படிக்கட்டு, எல்லாம் என் தோள். இந்த மலை ஊருக்கு வந்தபோது என் கால்கள் மூங்கில் குச்சியாக இருந்தன. இந்தக் கெண்டைகளை ஒரு பையில் போட்டு ஊரிலிருந்து நான் எடுத்துவரவில்லை. இவர்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்று ஏறி ஏறி வளர்ந்தவை.

"சார், நான்தான் வெளியூரு. இந்தக் கெண்டை இங்க வளந்தது. உங்க மேடுதான் இத வளத்துச்சு," என்றேன்.

"ஏரில இருந்ததும் இதையேதான சொல்லிச்சு அழகுவேல்? அப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

மீனையும் என்னையும் ஒரே தட்டில் வைக்கிறாரே என்று கோபம்தான் வந்தது.

வலிக்கவில்லை. இரண்டு விரலை உள்ளே விட்டு வழுக்காமல் எடுத்தார். சாக்குக்குள் போனதும் இரண்டும் ஒருமுறை துள்ளி அடங்கின. அப்படியே புதைக்கிறதா, வெல்லம் போட்டு ஊறவைத்துச் செடிக்குத் தெளிக்கிறதா என்று கேட்டார். என் காலை வெல்லத்தில் போட விடமாட்டேன் என்று கத்தினேன். சரி என்று பீன்ஸ் பந்தலுக்கடியில் புதைத்தார். சாம்பல் தூவிக் கல்லையும் வைத்தார். அந்த மட்டில் வேலை சுத்தம்.

அதன்பிறகு சமதரையில் நடக்க முடிந்தது, மேட்டில் ஒரு படிகூட ஏற முடியவில்லை. எங்கள் ஊரில் சமதரை என்பது என் வீட்டு முற்றமும் பேருந்து நிலையமும்தான். ஏஜென்சி முதலாளி வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார். இனி வர வேண்டாம் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். மலையில் ஏற முடியாதவன் கீழே இறங்கிப் போக வேண்டியதுதான். போனால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று செண்பகவடிவு கேட்டாள். யாரும் இல்லை. போன தடவை ஊருக்குப் போனபோது என்னை மலைக்காரன் என்று கூப்பிட்டார்கள். இங்கே இருக்க விடமாட்டார்கள், அங்கே சேர்க்கமாட்டார்கள். நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

மழை பெய்து ஓய்ந்ததும் பீன்ஸ் கொடி பந்தலை விட்டு இறங்கியது. வாசலைத் தாண்டிக் கடைவீதித் திருப்பத்துக்குப் போய், வண்டியிலிருந்து ஒரு சிலிண்டரைச் சுற்றித் தூக்கிக்கொண்டு படியேறியது. எந்த வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. என் கெண்டைகளுக்குத்தான் எல்லா வீடும் தெரியுமே. ஏஜென்சியில் அதற்குக் காக்கித் துணி கட்டிவிட்டார்கள்.

வேலை போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மேல்தெரு லூர்து டீச்சர் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர் வீடுதான் ஊரிலேயே உயரத்தில் இருப்பது. நான் மூச்சு வாங்கி நிற்கும்போதெல்லாம், அங்கயே வெச்சிட்டுப் போ என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். அவர் முகத்தையே நான் தீபாவளிக்குத்தான் பார்த்திருக்கிறேன். பீன்ஸ் போனதும் அதே டீச்சர் வெளியே வந்து, வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க என்று டம்ளரை நீட்டினாராம். கொடி நுனியை விட்டு உறிஞ்சிக் குடித்ததாம். என் கால், என் மூச்சு, காப்பி மட்டும் அதற்கு.

பீன்ஸைப் பார்த்துவிட்டுப் போக அருணகிரி வந்தபோது இதைக் கேட்டேவிட்டேன். எனக்குக் கீழே இருந்தபோது வெளியூர், பீன்ஸுக்குக் கீழே போனதும் உள்ளூரா, இது என்ன நியாயம் என்றேன்.

"மண்ணுக்குள்ள போயிட்டா எல்லாம் உள்ளூருதான்," என்றார் அவர். "அதுக்கு முன்னாடிதான் கேள்வி."

மறுநாள் காலையில் பந்தலுக்குப் பக்கத்தில் குழி தோண்டி முழங்கால்வரை இறங்கி நின்றேன். செண்பகவடிவு மண்ணைத் தள்ளி மூடினாள். சாம்பல் தூவினாள், நாய்க்காகக் கல் வைத்தாள். சாப்பாட்டை இலையில் கொடுக்கிறதா, தட்டிலா என்று மட்டும் கேட்டாள். காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் ஊற்றினாள். கால் விரல்கள் கொஞ்ச நாள் அரித்தன, பிறகு பிடித்துக்கொண்டன.

அதுவரை சிலிண்டர்க்காரன் என்று சொன்ன வாய்கள் எல்லாம் நம்ம அழகுவேல் என்றன. ஊர்ப் பொதுக்கூட்டத்தை என் வேலியோரம் நடத்தினார்கள். லூர்து டீச்சர் மேல்தெருவிலிருந்து தானே இறங்கிவந்து, அரை டம்ளர் காப்பியை என் கையில் கொடுத்து மீதியை என் அடிமண்ணில் ஊற்றினார். சர்க்கரை கம்மி. இத்தனை வருடம் கழித்துக் கொடுக்கிற காப்பிக்குச் சர்க்கரையாவது போட்டிருக்கலாம்.

அதற்கடுத்த வாரம் அருணகிரி மறுபடி வந்தார். இந்தத் தடவை சாக்கு இல்லை, கைக்குட்டை அளவுக்கு ஒரு ஈரத் துணிதான். கல்லின்மேல் உட்கார்ந்து என் உடம்பை விசாரித்தார். செண்பகவடிவு குடத்தோடு வெளியே வந்ததும் எழுந்து நின்றுகொண்டார். அம்மாவுக்கு எந்த ஊர் என்று கேட்டார். சாத்தூர் என்றாள்.

"அம்மா கண்ணு கெண்டைன்னு தெருவே பேசுது," என்று என் பக்கம் திரும்பினார். "நீங்க இப்ப உள்ளூர்க்காரர். உங்க வார்த்தை ஒண்ணு போதும். கெண்டைதானா?"

இந்த ஊரில் என் வார்த்தையை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் இதற்கா கேட்க வேண்டும் என்று உடம்பெல்லாம் கொதித்தது. செண்பகவடிவு குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டும் கெண்டைதான். அந்த வெயிலில் துள்ளுகிற மாதிரி இருந்தன.

"இல்ல சார். அயிரை," என்றேன். "அதுலயும் பொடிசு."

அருணகிரி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். அயிரை நம் மீன், அதைத் தொடக்கூடாது. ஈரத் துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வேலியைத் தாண்டும்வரை செண்பகவடிவு அசையவில்லை. பிறகு எனக்குக் கொண்டுவந்த குடத்துத் தண்ணீர் முழுவதையும் பீன்ஸுக்கு ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.