கழற்றியது யார்

"நான் சொல்வதெல்லாம் உண்மை" என்று சொல்லி முடிப்பதற்குள் ஃபிட்டருக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. சாப்பாட்டில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்பதைக்கூட வீட்டில் நேராகச் சொல்லத் தெரியாதவன். அவனைப் போய் சாட்சி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

பிஸ்கட் ஃபேக்டரியின் மீட்டிங் அறை அது. விசாரணை அதிகாரி நடுவில், டைப்பிஸ்ட் அம்மாள் ஓரத்தில். எதிரே ஃபோர்மேன், ஃபிட்டருடைய பெண்டாட்டியின் அண்ணன். மாவு பிசையும் மெஷினின் கார்டு, கை உள்ளே போகாமல் தடுக்கும் மூடி, கழன்று கிடந்ததால் பேக்கிங் பெண்ணுக்கு இரண்டு விரல் போய்விட்டது. குற்றம் உறுதியானால் ஃபோர்மேனுக்கு வேலை இல்லை.

"கார்டை ஃபோர்மேனே கழட்டினதா நேத்து வாக்குமூலம் கொடுத்துட்டார். நீங்க பார்த்தீங்களா? ஆமா, இல்ல, அது போதும்" என்றார் அதிகாரி.

கழற்றியது ஃபிட்டர்தான். பெல்ட்டைச் சரிசெய்தவன், டீ குடித்துவிட்டு வந்து கார்டை மாட்டலாம் என்று போய்விட்டான். ஃபோர்மேன் அந்தப் பக்கமே வரவில்லை. விஷயம் தெரிந்ததும் வீட்டுக்கு வந்து, "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ். உனக்குப் புள்ளைங்க இருக்கு. வாய மூடிக்கிட்டு ஆமான்னு சொல்லு மாப்ள" என்றார். பெண்டாட்டி அண்ணனையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள், எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் இவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஆமா என்றால் போதும். எளிதான சொல்தான், வாய்க்குள் உருட்டிப் பார்த்துக்கொண்டான். பிறகு வருகிற கல்யாணம் காட்சியில் எல்லாம் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். உருட்டிய சொல்லை விழுங்கிவிட்டான்.

"இல்ல சார். கழட்டுனது நான்தான்."

டைப்பிஸ்ட் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டாள். சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உடம்பே லேசானது.

"பொய் சொல்றான் சார்" என்றார் ஃபோர்மேன், குரல் கொஞ்சமும் பிசிறாமல். "தங்கச்சி புருஷன். என்னைக் காப்பாத்தணும்னு பாக்குறான்."

"மச்சான், சத்தியமா..."

"நீ சும்மா இரு மாப்ள."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையில் தன்னை நம்பியதற்கான அடையாளமே இல்லை என்பது ஃபிட்டருக்குப் புரிந்தது. இத்தனை நாள் இந்த உண்மையை மறைக்கத்தான் பாடுபட்டான். இப்போது தலைகீழாக நின்றாலும் அதை எடுத்துக்கொள்ள ஆளில்லை.

"எதை அடிக்கட்டும் சார்?" என்றாள் டைப்பிஸ்ட்.

"அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க. யார் கழட்டினான்னு அவளையே கேட்போம்" என்றார் அதிகாரி.

கதவு திறந்தது. பேக்கிங் பெண் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி வந்தாள். தோளிலிருந்து நழுவிய பையை இடது கையால் இழுத்து விட்டுக்கொண்டு, உட்காராமல் நின்று, முதலில் ஃபோர்மேனைப் பார்த்தாள். பிறகு ஃபிட்டரைப் பார்த்தாள்.