முன்னோட்டத்தில் என் முகம்

1.

நடந்ததைச் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அன்று மழை பெய்ததாக எழுதியிருந்தேன். தங்கை படித்துவிட்டு, "எந்த மழை? வெயில்ல ஸ்கிரீனே தெரியலன்னு ஜன்னல்ல போர்வையக் கட்டினோமே!" என்றாள். ஆகவே வெயில்.

2.

முதல் தொடக்கம்: 'மனிதனால் அழிக்க முடியாதவை என்று சில' — வேண்டாம், இது எழுதும்போதே பெருமூச்சு விடுகிறது.

இரண்டாவது: என் தங்கை தன் முதல் குறும்படத்தை அன்று மாலைக்குள் போட்டிக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். இடம் போதாமல், படத்தை முழுசாகச் சேமிக்கும் வேலை பாதியிலேயே நின்றது. இடத்தை அடைத்திருந்தவை என் வீடியோக்கள்: முடிக்காத நாவலைக் கேமரா முன் உட்கார்ந்து நானே வாசித்தவை. (ஏன் என்று கேட்காதீர்கள். குறுக்கே பேசாமல் கேட்டது அது ஒன்றுதான்.)

இதுவே இருக்கட்டும்.

3.

அழிக்கிறேன் என்று நானாகத்தான் சொன்னேன்.* ஆனால் கம்ப்யூட்டர் மறுத்தது: கோப்பு வேறெங்கோ திறந்திருக்கிறதாம். திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினேன். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். மறுபடி அதே பதில்.

"அண்ணா, அழிக்கிறியா, வழியனுப்புறியா?"

"பூட்டிக்கிச்சு. நான் என்ன பண்ண?"

"தள்ளு."

திரையின் வலது ஓரத்தைத் தொட்டாள். அங்கே சின்னக் கட்டத்தில் அந்த வீடியோவின் முன்னோட்டம்: வாயைத் திறந்தபடி என் முகம். அழிக்கும் முன் ஒவ்வொன்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அந்தக் கட்டத்தை வரவழைத்தவனே நான்தான்.

"உன் மூஞ்சிய நீயே பாத்துட்டு இருக்க. அதான் ஃபைல் திறந்தே இருக்கு. அப்புறம் எப்படிப் போகும்?"

[இங்கே முக்கால் பக்க மௌனம் இருந்தது. தங்கை அடித்துவிட்டாள்: "பொய். நீ உடனே சிரிச்சிட்ட."]

கட்டத்தை மூடிவிட்டு மவுஸை என் பக்கம் தள்ளினாள். "நீயே பண்ணு. அழுதுட மாட்டியே?"

"நீ படத்த அனுப்புற வேலையப் பாரு."

எல்லாம் ஒரே அழுத்தில் போயின. நான் எழுதியதில் எதற்கும் இவ்வளவு கர்வப்பட்டதில்லை.

* வேறெங்காவது நகல் எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுத்திருக்கலாம். அவளும் கேட்டாள். எனக்குத்தான் வேண்டியிருக்கவில்லை.

4.

ஒரு முடிவு: நாவலை முதலிலிருந்து திரும்ப எழுதி...

இன்னொன்று: படத்துக்கு முதல் பரிசு. ("என்னைக் கேக்காம பரிசு குடுக்காத" என்கிறாள்.)

பிடித்ததை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நடந்தது இவ்வளவுதான். படம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பரிசு கிடைக்கவில்லை, ஆனால் ஒரு சிறிய அரங்கில் திரையிட்டார்கள். இயக்கம் என்று அவள் பெயர் வந்ததும் நான் முந்திக்கொண்டு கைதட்ட, முன்வரிசை திரும்பிப் பார்த்தது. அவள் இப்போது ஒரு ஸ்டுடியோவில் எடிட்டர். நான் நாவலை விட்டுவிட்டேன். இதைப் போலச் சின்னதாக எழுதுகிறேன். கம்ப்யூட்டரை விற்றாயிற்று. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுகிறேன். அவள் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.