உச்சிப்பொழுதுக்கு முன்

அருவிக்குப் போகும் மரப்பாலம் மழையில் சரிந்துவிட்டது, மதியத்துக்குள் சரிசெய்துவிடுவோம் என்று வனத்துறையிலிருந்து போன் வந்தபோது வேன் பாதி மலை ஏறியிருந்தது.

"அப்ப முதல்ல கோயில், அப்புறம் அருவி," என்றாள் புவாலை. தாய்லாந்தின் சியாங்மாயில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழிகாட்டுவது அவள் வேலை.

ஓட்டுநர் தானோம் முகத்தைச் சுளித்தான். "காலையில போனா சாமிங்களுக்குத் தொந்தரவு. காப்பித் தோட்டத்துல கொஞ்ச நேரம் நிறுத்துவோமே."

"என்ன தொந்தரவு, அண்ணே? இன்னிக்காவது என் கையால அவருக்குச் சோறு வைக்கிறேன்."

அவள் கணவன் காமூன் அந்தப் புத்தர் கோயிலில்தான் துறவியாக இருந்தான். இறந்துபோன தகப்பனுக்குப் புண்ணியம் சேர்க்க, மழைக்காலம் முடியும்வரை காவி உடுத்துவதாகச் சொன்னான். மனைவி சம்மதிக்காமல் துறவு கொடுக்க மாட்டார்கள். புவாலை துறவிகள் முன் மண்டியிட்டுச் சம்மதம் சொன்னாள். மொட்டையடித்தபோது விழுந்த முடியைத் தாமரை இலையில் அவள்தான் ஏந்தினாள்.

பயணிகளோடு அவள் கோயிலுக்கு வருவது எப்போதும் பிற்பகலில். உச்சிப்பொழுது தாண்டினால் துறவிகள் எதுவும் உண்பதில்லை. அவர்கள் தியானக் குடில்களுக்குப் போய்விடுவார்கள். பெண்கள் அங்கே போகக்கூடாது. அதனால் வரும்போதெல்லாம் தூக்குச்சட்டியைத் தானோமிடம் கொடுத்துவிடுவாள். அவன் வீடு மலையடிவாரத்தில். மறுநாள் விடியலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கழுவிய சட்டியோடு சேதியும் கொண்டுவருவான். "சாமி கொஞ்சம் மெலிஞ்சுட்டாரு. ஆனா முகத்துல என்ன களை! மிளகாத் துவையல மட்டும் மிச்சம் வைக்கவே இல்ல." அந்த வார்த்தையை வைத்துக்கொண்டே அவளுக்கு அந்த வாரம் ஓடிவிடும்.

கோயில் வாசலில் இறங்கியதும் பயணிகள் நாகம் செதுக்கிய படிக்கட்டைப் படமெடுக்கக் கலைந்தார்கள். தானோம் வேனைவிட்டு இறங்கவே இல்லை. புவாலை தோளில் துண்டைக் குறுக்கே போட்டுக்கொண்டு, தலைமைத் துறவி உட்கார்ந்திருந்த மண்டபத்துக்குப் போய் மூன்று முறை தரையில் தலை பதித்து வணங்கினாள். பெண் கையிலிருந்து துறவி நேரே வாங்கக்கூடாது என்பதால் அவர் மஞ்சள் துணியை முன்னால் விரித்தார். அதன்மேல் சட்டியை வைத்தாள்.

"காமூன் சாமிக்கும் இதுல கொஞ்சம்..."

கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உடம்பு இப்பத் தேவலையா, அம்மா?"

"யாருக்கு, சாமி? எனக்கா?"

"நீ ஆஸ்பத்திரியில கெடக்க, பாத்துக்க ஆள் இல்லன்னு அழுதுதானே அவன் காவியக் களைஞ்சான். மழை தொடங்கின மாசமே போயிட்டானே. தானோம்தான் வண்டி கொண்டுவந்து கூட்டிட்டுப் போனான்."

"நான் ஆஸ்பத்திரிக்கே போகல, சாமி," என்றாள் புவாலை. கிழவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. நீர் வார்க்கும் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார். "கொண்டுவந்ததைக் கொடுத்துட்டே. புண்ணியம் யாருக்குன்னு சொல்லி வாரு."

இதுவரை எல்லாப் புண்ணியத்தையும் மாமனார் பேருக்கும் புருஷன் பேருக்குமே வார்த்தவள் அவள்.

"எனக்கே, சாமி," என்று வார்த்தாள்.

பாலம் சரியானதும் அருவிக்குப் போனார்கள். வழியெல்லாம் எந்த மரம், எந்தப் பறவை என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் வேன் ஓட்டிய தானோமை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. பயணிகள் தண்ணீரில் இறங்கியபின் தானோமைப் பாறைக்குக் கூப்பிட்டாள்.

"வீட்டுக்கு வரலியே. யாரோட போனாரு?"

அவன் உதடு அசைந்தது. அருவி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு."

"என் தங்கச்சியோட!" என்று கத்தினான். "ஸ்ரீவானோட!"

குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மொழி புரியாமல் சிரித்துக் கையசைத்தார்கள். புவாலையும் கையசைத்தாள்.

ஸ்ரீவான் தெற்கே ஹோட்டல் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியபோது, போன இடத்தில் நல்லா இரு என்று அவள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டியவள் புவாலை.

"கூடப் பொறந்தவ காலப் புடிச்சு அழுதா. நான் என்ன செய்ய?"

"அவ அழுதா, நீ வண்டி ஓட்டின. சரி. நான் கொடுத்த சோறு?"

தானோம் தலை குனிந்தான். "வீட்டுல... புள்ளைங்க சாப்பிட்டுச்சு. நானும்."

"மெலிஞ்சுட்டாரு, முகத்துல களைன்னியே. அதை எதுக்குச் சொன்ன? சட்டியக் கொடுத்துட்டு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

"நீ சந்தோஷப்பட்ட. கேட்டுக் கேட்டுச் சிரிச்ச. அதான்..."

கணவன் போனதைவிட இதுதான் அவளை அறுத்தது. அவள் சிரிக்கச் சிரிக்க இவன் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"சாவியக் கொடு."

"மழைப் பாதை, புவாலை. வேண்டாம்."

"கொடு. நீ நடந்து போ. வீடு அடிவாரத்துலதானே."

அவளே வேனை ஓட்டிக் கீழே இறக்கினாள். ஓட்டுநர் எங்கே என்று ஒருவர் கேட்டார். அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றாள். ஒவ்வொரு விடுதியாக நிறுத்தி, எல்லோருக்கும் கைகூப்பி விடைகொடுத்தாள். கடைசி ஆள் இறங்கியபிறகு வேனை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் முகம் புதைத்து அழுதாள்.

கம்பெனியில் திட்டினார்கள். வேறு ஓட்டுநர் கேட்டாள், கொடுத்தார்கள். ஊரில், கட்டின பெண்டாட்டி கவனிக்காததால்தான் அவன் போனான் என்றும் சிலர் பேசினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தானோம் தன் தாயைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தான். தட்டில் பூவும் ஊதுபத்தியும் வைத்து, மன்னிப்புக் கேட்கிற முறைப்படி கிழவி வாசலில் குனிந்தாள்.

"பெரியம்மா, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. உள்ள வந்து உக்காருங்க, தண்ணி குடிங்க," என்று புவாலை கிழவியின் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

தானோம் செருப்பைக் கழற்றப் போனான்.

"நீ அங்கயே நில்லு," என்றாள்.