சாமியார் வீட்டுப் பின்கட்டு அறை

செபஸ்தியார் கோயில் சாமியார் வீட்டுக்கு நூறு வயது நிறைந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஜாலான் புசார் சாலையின் இரும்புக் கடைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்த மாடி வீட்டைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு இஞ்ஞாசிக்கு வந்தது. முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். "உள்ள தள்ளிப் போங்க" என்பதைத் தாண்டிக் கூட்டத்திடம் பேசிப் பழக்கமில்லை. கோயிலில் கொடுத்த இரண்டு பக்க வரலாற்றைச் செங்காங்கில் உள்ள தன் வீட்டில் ஒரு வாரம் உருப்போட்டார்.

கட்டிய ஆண்டு, குடியிருந்த பதினொரு குருக்கள், போரில் ஓடு பறந்த கூரை என்று எல்லாம் தடங்கலின்றி வந்தது. கூட்டம் தலையாட்டியது. இஞ்ஞாசிக்குத் தெம்பு கூடிவிட்டது.

பின்கட்டில், புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வந்திருந்த செரினா சாத்தியிருந்த ஒரு கதவைக் காட்டினாள்.

"அங்கிள், இது என்ன ரூம்?"

இரண்டு பக்கத்தில் அந்த அறை இல்லை. தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

"இதுவா? முதல் சாமியார் தவம் பண்ணுன ரூம்மா. நாப்பது நாள் பச்சத்தண்ணி பல்லுல படாம முட்டி போட்டாரு. உள்ள ஒரு அமைதி இருக்கும் பாருங்க!"

கதவைத் தள்ளினார். உள்ளே, கூட்டத்துக்குத் தப்பி வந்த பங்குச்சாமியார் அருளானந்து, கைலியும் பனியனுமாக மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சாமியாரை முன்பின் பார்த்திராத செரினா போனை உயர்த்தினாள். "அங்கிள், கொஞ்சம் நகருங்க லா. ரூம் மட்டும் வேணும்."

சாமியார் தட்டோடு சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

கூட்டம் போனதும் இஞ்ஞாசி தலைகுனிந்தார். "மன்னிச்சிடுங்க சாமி. பொய் சொல்லிட்டேன்."

"நாப்பது நாளா? எனக்குப் பத்து நிமிஷம் கெடைக்கல! இது கோழி அடைச்ச ரூம், இஞ்ஞாசி. முதல் சாமியாருக்கு முட்டைன்னா உசிரு. அவரோட கடுதாசியிலயே இருக்கு. அடுத்த கூட்டத்துல அதையே சொல்லுங்க. ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க."

இஞ்ஞாசி அப்படியே சொன்னார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கோழி ரூமைக் கட்டாயம் பார்க்கவேண்டும் என்றது. எத்தனை கோழி என்று ஒருவர் கேட்டார்.

"தெரியாதுங்க" என்றார் இஞ்ஞாசி. யாரும் அவரைக் குறைவாக நினைத்ததாகத் தெரியவில்லை.

சேதி பரவி, மத்தியானத்துக்குள் வரிசை வாசலைத் தொட்டது. சாமியார் தட்டை மூடி எடுத்துக்கொண்டு, சட்டையை மாட்டியபடி பின்வாசல் வழியாக எதிர்ப்புறக் காப்பிக்கடைக்குப் போய்விட்டார்.