தோல் ஆகாது

சாமிக்கு முன்னால் தோல் ஆகாது. கஜலட்சுமிக்கு அதில் இரண்டாம் பேச்சே கிடையாது. வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு, புருஷன் கணேஸின் லேத் பட்டறையில் கிடக்கிற சுத்தியல், அரம், உளி அத்தனையையும் கழுவிப் பொட்டு வைத்துப் படைப்பது அவள்தான். இடுப்பு வாரில் இருந்து செருப்பு வரைக்கும், தோல் என்று பேர் வைத்த எதுவும் அன்றைக்கு வாசற்படி தாண்டக் கூடாது.

இந்த வருஷம் படையலுக்குப் புதுச் சாமான் வந்திருந்தது. கணேஸ் இரண்டு வருஷம் கென்யாவில் ஒரு தேயிலை பெக்டரியில் பிட்டராக வேலை பார்த்துவிட்டுப் போன மாசம்தான் கட்டுகஸ்தோட்டைக்குத் திரும்பியிருந்தான். பெண்டாட்டிக்கு ஒரு சேலை, மகள் சிந்துஜாவுக்கு ஒரு மணிமாலை, தனக்கென்று அங்கே மாடு மேய்க்கிற மாசாய்க்காரர் செய்த மூன்று அம்பும் ஒரு வாளும் கொண்டுவந்தான். அன்றிலிருந்து மனுஷனுக்கு வேறு பேச்சே இல்லை. வருகிறவன் போகிறவனை எல்லாம் நிறுத்தி வைத்துக் கதை சொல்வான். அவர்கள் லொறியின் ஸ்பிரிங் தகட்டை அடித்து அடித்து வாளாக்கியதையும், ஆறங்குல ஆணியை நெருப்பில் போட்டு அம்பு முனையாகத் தட்டியதையும், மாட்டு நரம்பை வாயில் போட்டு மென்று பதமாக்கி முனையை இறுக்கிக் கட்டியதையும் கேட்டுக் கேட்டுத் தெருவே அலுத்துவிட்டது. சேலை அவளுக்குப் பிடித்ததா என்று மட்டும் அவன் இதுவரை கேட்கவில்லை.

மூன்று அம்புக்கும் முனையில் மெல்லிய தோல் வார் சுற்றியிருந்தது. "இது என்னங்க கட்டு?" என்று ஒருநாள் கேட்டாள். "உறை. என்னா நேர்த்தியா சுத்தியிருக்கான் பாத்தியா?" என்றான். அதற்கு மேல் அவன் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

பூசையன்று காலையில் கணேஸ் பூவும் பொரியும் வாங்கக் கண்டி டவுனுக்குப் போயிருந்தான். கஜலட்சுமி கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த அம்பையும் வாளையும் இறக்கினாள். வாளைச் சிவப்புத் தோலுறையில் இருந்து உருவி, உறையை வெளியே கொண்டுபோய் வைத்தாள். அம்புகளில் சுற்றியிருந்த வாரைப் பிரித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். உள்ளே முனை முழுக்கத் தார் பூசினது போல ஒரே கறுப்பு. இவ்வளவு பெருமை பேசுகிற மனுஷனுக்கு இந்த அழுக்கைத் துடைக்கத் தெரியவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டு, புளித் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்தாள். இரண்டு அம்பு பளிச்சென்று வந்துவிட்டது. மூன்றாவது அடம் பிடித்தது. கத்தியால் சுரண்டியபோது முனை வழுக்கிக் கட்டை விரலில் ஏறிவிட்டது. விரலை வாயில் வைத்துச் சூப்பித் துப்பிவிட்டு, மஞ்சள் தூளை அப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

கணேஸ் வந்தபோது எல்லாம் தயார். சுத்தியல், அரம், வாள், அம்பு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. பக்கத்தில் சிந்துஜா தன் பள்ளிக்கூடப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்ன சொல்லப் போகிறானோ என்று கஜலட்சுமி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தோல் எங்க?" என்றான்.

"குப்பையில. சாமிக்கு முன்னால தோல் ஆகுமா?"

அப்போதுதான் அவன் அவளுடைய விரலைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. கையில் இருந்த பொரிப் பை நழுவி வீடெல்லாம் சிதறியது.

"எதுல குத்துச்சு? எவ்வளவு நேரம்?"

"அம்புலதான். அரை மணி நேரம் இருக்கும். ஏங்க, என்னாச்சு?"

அவன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினான். அடுத்த வீட்டு ருஷ்தியின் ஓட்டோ வாசலிலேயே நின்றது. பிள்ளையை ருஷ்தியின் மனைவியிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். பாலம் தாண்டும்போதுதான் கணேஸ் வாயைத் திறந்தான்.

"அந்தக் கறுப்பு நஞ்சு, கஜா. மாட்டையே சாய்ச்சிடும்."

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. நஞ்சா? அதையா தேய்த்தேன், அந்த விரலையா வாயில் வைத்தேன்? நாக்கு மரத்த மாதிரி இருந்தது, பயத்திலா நஞ்சிலா என்று தெரியவில்லை. சிந்துஜாவுக்கு ஏழு வயதுதான் ஆகிறது என்ற ஒரே நினைப்புத் திரும்பத் திரும்ப வந்தது. டவுனில் யாரோ விஷயம் தெரிந்தவர்கள் இப்போதுதான் சொல்லியிருக்க வேண்டும், பாவம், மனுஷன் எப்படித் துடித்துப் போய்விட்டார் என்று அந்த நிலையிலும் அவனுக்காக இரக்கப்பட்டாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டி மெஷினை ஓடவிட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர் ஒருவர் விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன நஞ்சு எண்டு தெரியுமோ?"

"தெரியும் டொக்டர்," என்றான் கணேஸ். "மோரிஜோய்னு ஒரு மரம். அதோட கட்டையையும் வேரையும் வெட்டிப் போட்டு நாள் முழுக்கக் காய்ச்சுவாங்க. தார் மாதிரி வந்ததும் முனையில தடவுவாங்க. ரத்தத்துல கலந்தா இருதயத்தை நிப்பாட்டிடும். வெயில், தண்ணி பட்டா வீரியம் போயிரும்னுதான் தோலைச் சுத்துறது. எடுக்கிறவன் கையில குத்திரக் கூடாதுன்னும்தான். செஞ்சவர் பக்கத்துல உக்காந்து பாத்தேன்."

கஜலட்சுமி கட்டிலில் கிடந்தபடி ஒரு சொல் விடாமல் கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தானாம். தெருவுக்கே சொன்ன கதையில் இந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டான்.

பொழுது சாய்கிற நேரம் டொக்டர் மறுபடி வந்தார். "இருதயத் துடிப்பு ஒழுங்காத்தான் இருக்குது. புளித் தண்ணியில கன நேரம் ஊறினதால உள்ள போனது குறைவா இருக்கும். எதுக்கும் நாளை வரைக்கும் இங்க இருங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார். கணேஸ் கட்டிலோரம் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான்.

"ஏன் சொல்லலை?" என்றாள் கஜலட்சுமி.

"சொன்னா நீ வீட்டுல வைக்க விட்டிருக்க மாட்டே."

"விட்டிருக்க மாட்டேன்."

"தெரியாம நடந்து போச்சு, கஜா."

"எனக்குத்தான் தெரியாது," என்றாள். "நம்மள முன்ன பின்ன பாத்திராத மனுஷன், யாரு கையிலயும் குத்திரக் கூடாதுன்னு தோலைச் சுத்திக் குடுத்திருக்கான். உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலை."

கணேஸ் அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.