அறுந்துபோன வீடியோவில் ஓர் இடம்

வில்பட்டியில் செல்போன் சிக்னல் வந்தால் வரும், வராவிட்டால் கேட்க நாதியில்லை. அந்த லட்சணத்தில்தான் சண்முகராஜ் கிட்டார் சோலோ படித்தான். எவனோ ஒரு வெள்ளைக்காரன் வாசிக்கும் வீடியோ. போனில் பதிவிறக்கும்போதே நடுவில் ஓரிடம் அறுந்துபோனது. அங்கே படம் உறைந்து நிற்கும், சத்தம் அடங்கும், பிறகு ஓடும். பாட்டே அப்படித்தான் என்று நம்பிய மகராசன் அந்த நிறுத்தத்தையும் சேர்த்தே மனப்பாடம் பண்ணிவிட்டான். தாளம் தப்பாமலிருக்க அங்கே காலால் தரையில் இரண்டு தட்டு. டொக், டொக். அதன்பின் விரல் பறக்கும்.

வட்டக்கானல் விடுதியில் அவன் வாசித்தால் வெளியூர்ப் பிள்ளைகள் விசிலடிக்கும். டிரம்ஸ் அடிக்கும் நல்லுசாமியும் அந்த இடத்தில் கையை நிறுத்திப் பழகிவிட்டான். தங்கை தாரணி பக்கத்தில் உட்கார்ந்து துணைக்கு இன்னொரு கிட்டார் வாசிப்பாள். போன மழைக்காலத்தில், பனிமூட்டம் அடைத்த ஒரு வளைவில், சண்முகராஜ் பைக்கோடு பள்ளத்தில் விழுந்து போய்ச் சேர்ந்தான்.

விடுதிக்காரி மகாதேவி நல்லவள்தான், ஆனால் எத்தனை நாள் பொறுப்பாள்? சனிக்கிழமை சோலோவைத் தாரணி வாசிக்கட்டும், முடியாவிட்டால் மதுரையிலிருந்து ஆள் வருகிறது என்றாள். அண்ணன் உட்கார்ந்த நாற்காலியில் எவனோ வந்து குந்துவதா?

மறுநாள் தாரணி வெள்ளனே எழுந்து கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். செல்போனில் தாளத்தை ரொம்ப மெதுவாக வைத்து, ஒவ்வொரு சுரமும் தெளிவாக விழும்வரை வாசித்தாள். அண்ணன் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள்.

டொக், டொக். தரையிலிருந்து வந்தது.

கிட்டாரைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். ஆனாலும் மறுநாள் அதே இடத்தில் நிறுத்திக் காது கொடுத்தாள். வந்தது. பயம் போன இடம் தெரியவில்லை. அட, இருக்கிறானே! அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்றிலிருந்து தாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். அவசரப்பட்டால் மணிக்கட்டு இறுகும். இறுகினால் ஒரு படி இறங்கி, கையைத் தளர்த்தி, மறுபடி ஏறினாள். விரலைக் கம்பியைவிட்டு அதிகம் தூக்காமல் பழகினாள். வேகம் வந்தது. வேகம் வர வர அந்த இடைவெளி சுருங்கியது. இரண்டு தட்டு ஒன்றாகி, அந்த ஒன்றும் பாதியாகக் கேட்டது.

போதாக்குறைக்கு ஒத்திகை கேட்ட மகாதேவி தன் போனில் முழுப்பாட்டையும் போட்டுக் காட்டினாள். "ஒரிஜினல்ல இங்க நிறுத்தமே இல்லடி. நாலு நோட்டு இருக்கு. ஃபில் பண்ணிரு."

பாவம், அந்த நாலு சுரத்தை அண்ணன் காதால்கூடக் கேட்டதில்லை. அதை வாசித்தால் அவன் கால் வைக்க இடமில்லை. வாசிக்காவிட்டால் அவன் நாற்காலி இல்லை. அன்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு அந்த நாலு சுரத்தை மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தாள். விரலுக்குச் சொல்லவே தேவையில்லை என்றாகும்வரை விடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் விடுதி நிறையக் கூட்டம். சோலோ தானாக ஓடியது. அந்த இடம் வந்ததும் நல்லுசாமி பழைய பழக்கத்தில் கையை நிறுத்திவிட்டான். அந்த நிசப்தத்தில் தாரணியின் நாலு சுரம் மட்டும் தனியாகப் போனது. தரையில் ஒரு சத்தமும் இல்லை.

கைதட்டல் ஓயவில்லை. நாற்காலி இனி உனக்குத்தான் என்றாள் மகாதேவி. நல்லுசாமி குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "சொல்லியிருக்கலாமே புள்ள. நான் அவனுக்கு எடம் விட்டேன்."

மறுநாள் வெள்ளனே கட்டிலில் உட்கார்ந்தாள். தாளத்தை ஆரம்பத்தில் வைத்ததைவிட மெதுவாக வைத்தாள். அறைக்குள்வரை பனி வந்திருந்தது.

"மெதுவாத்தாண்ணே வாசிக்கிறேன். ஒன் எடம் அப்படியே கெடக்கு. வாண்ணே."

வாசித்தாள். அந்த இடம் வந்தது. நிறுத்த நினைப்பதற்குள் விரல்கள் நாலு சுரத்தையும் சுத்தமாக வாசித்து முடித்திருந்தன.

கையை உதறிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவையும் விரல் நிற்கவில்லை.