திரும்பி வரும் வழி

ஆட்டோவில் பிள்ளைகளைத் திணித்து அனுப்பாதீர்கள், பக்கத்தில் இருப்பவர்கள் நடத்தியே அனுப்புங்கள் என்று தலைமை ஆசிரியை கூட்டம் போட்டுச் சொன்னார். மடவார் வளாகத் தெருப் பிள்ளைகள் பதினோரு பேரைக் கூட்டிப்போக, ரிட்டயர்டு ஏட்டு பால்சாமி தானாகவே முன்வந்தார். அதுதான் பதினோரு பேரில் ஒருத்தியின் அம்மாவான மாரிச்செல்விக்கு உறுத்தியது.

"சம்பளம் இல்ல. பேரன் பேத்தியும் அங்க படிக்கல. பொறவு எதுக்கு வாராவ?"

ராஜபாளையம் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் கணவன் வல்லரசு சிரித்தான். "போலீஸ்ல இருந்த மனுசன். ஒனக்கு யாரைத்தான் பிடிக்கும்?"

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் அனுசியாவைத் தினமும் துருவித் துருவிக் கேட்டாள்.

"ஏட்டையா வழியில என்ன பேசுவாவ?"

"எங்கிட்டுத் திரும்பணும்னு கேப்பாவ. மொதல்ல சொல்றவளுக்குக் கடலை மிட்டாய். ஒரு நோட்டுல என்னமோ எழுதுவாவ. எட்டிப் பாத்தா மூடிக்கிடுவாவ."

மாரிச்செல்வியின் சந்தேகம் வலுத்தது. மிட்டாய் எதற்கு? யார் வீடு எங்கே இருக்கிறது என்று குறிக்கிறாரா? தெருவில் நாலு பேரிடம் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவளே பின்தொடர்ந்தாள். பிள்ளைகள் முன்னால் ஓடின. பால்சாமி ஒவ்வொரு முக்கிலும் நின்று, அவர்கள் திரும்பிய பிறகே திரும்பினார். பள்ளி வாசலில் எல்லோரையும் உள்ளே விட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துப் பார்த்தார். நாலடி நடந்தார். நின்றார். தன் வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கினார்.

அவள் ஓடிப்போய் மறித்தாள். "அந்த நோட்டைக் குடுங்க ஏட்டையா."

அவர் மறுக்கவில்லை. நோட்டை நீட்டினார்.

முதல் பக்கத்தில் அவருடைய பெயர், மகனின் போன் நம்பர். அடுத்த பக்கத்தில்: தேரடி, வலது. டயர் கடை, இடது. பச்சை கேட் வீடு, என் வீடு.

"ஆறு மாசமா இப்படித்தான் தாயி. போகையில பிள்ளைக இருக்கு. திரும்புறதுதான் ஏலல. மகன்கிட்ட சொல்லிராத. வீட்டுக்குள்ளயே போட்டுப் பூட்டிருவான்."

இந்த நிலையில் உள்ளவரை நம்பியா பதினோரு பிள்ளைகளை அனுப்பினோம் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கத்தத்தான் வாயைத் திறந்தாள். காக்கிச் சட்டையோடு தேரடியில் நின்று கூட்டத்துக்கெல்லாம் கைகாட்டியவர், இப்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்க, போவோம்" என்றாள்.

சாயங்காலம் அவர் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மதுரையில் டாக்டரிடம் காட்டச் சொன்னாள். "நடக்கிறத மட்டும் நிறுத்திராதிய. இனிமே பிள்ளைகளோட நானும் போறேன்."

மதுரையிலிருந்து மாத்திரையோடு வந்த பால்சாமி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் புதன்கிழமை எட்டு மணிக்கு, சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கூப்பிடாமலே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

போகும்போது பிள்ளைகளுக்கு நடுவே நடந்தார். திரும்பும்போது அவளுக்குப் பத்தடி முன்னால் விறைப்பாக நடந்தார். டயர் கடை முக்கு வந்ததும் நின்று, அவள் வந்து சேரும்வரை கடைக்குள் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.